மயில்சாமி அவர்கள் அல்ல

"சாரதா, தறியை நிறுத்து!"

ராசிபுரத்தில் கேசட் கடை வைத்திருக்கும் சுவாமிநாதன், சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"என்னாச்சுங்கண்ணா?"

"திருச்செங்கோட்டு மயில்சாமி உன்னைத் தேடறாரு. ஜீப்பு கடைக்கே வந்துருச்சு. உன்ற புதுப் பாட்டு அவரைப் பத்தினதுதான்னு அங்க ஊரே பேசுதாம்."

சாரதாமணியின் கால் தறி மிதியிலேயே நின்றுவிட்டது.

மயில்சாமி, தண்ணீருக்குப் போர் போடும் ரிக் லாரிகளின் முதலாளி. தன் லாரிக்கு ஒதுங்காத பஸ்ஸை மறித்து, டிரைவரை இறக்கி நடக்கவிட்டவர் என்று பெயர். சாரதாமணி அவரைப் பார்த்ததுகூட இல்லை.

தானே எழுதி, மெட்டுக் கட்டி, அவள் பாடிய முதல் கேசட் டவுன் பஸ்களில் ஓயாமல் ஓடியது. இரண்டாவதும் அப்படி ஓடவேண்டுமே என்ற கவலையில், சிரிப்புக்காக ஒரு பாட்டைச் சேர்த்திருந்தாள்.

'ஊரெல்லாம் தொளைபோட்டுத் தண்ணி எடுக்கும் மவராசா,
ஊட்டுக்காரி இருமுனா நீ ஒளியறதெங்கே மவராசா?'

"அது சும்மா கட்டுனதுங்கண்ணா!"

"என்கிட்டச் சொல்லி என்ன பண்றது? ஜீப்புல வர்றவங்ககிட்டச் சொல்லு."

கேசட்டைக் கண்ணில் படாமல் உள்ளே வைக்கச் சொன்னாள். அதுவே வினையாயிற்று. போலீஸ் தடை பண்ணிவிட்டதாம் என்று பேச்சு கிளம்பியது. பாட்டே கேட்காதவர்களும் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அது இருக்குங்களா?" என்றார்கள். ஓமலூரிலிருந்துகூட ஆள் வந்தது.

பயத்தில் சாரதாமணிக்கு இன்னொரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு கேசட்டின் மேலும் அச்சடித்த சீட்டு ஒன்றை ஒட்டினார்கள்: 'இப்பாட்டில் வருபவர் திருச்செங்கோடு மயில்சாமி அவர்கள் அல்ல.'

அதுவரை மயில்சாமி யாரென்றே அறியாத ஆத்தூர்க்காரர்களும் தெரிந்துகொண்டார்கள்.

"சீட்டையெல்லாம் கிழிச்சுப்போடுங்கண்ணா!"

"கேசட்டு பூரா வித்துப்போச்சே, சாமி" என்றார் சுவாமிநாதன். முகத்தை எவ்வளவு சோகமாக வைத்தும் வாய் ஓரம் சிரித்தது.

தெருவில் எந்த வண்டி உறுமினாலும் சாரதாமணி தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடைசியில் முக்காடு போட்டுக்கொண்டு, வாழப்பாடிச் சித்தி வீட்டுக்குப் போய்விட எண்ணிச் சேலம் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவள் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"டிக்கெட்... அட, பாட்டுக்கார அக்கா!" என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மல்லூர் தாண்டியதும், ராசிபுரத்திலிருந்தே துரத்திவந்த ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது.

"பாட்டுக்கார அம்மிணியை மொதலாளி கையோட கூட்டியாரச் சொன்னாருங்க" என்றான் ஜீப் டிரைவர்.

கண்டக்டரே அவள் பையை ஜன்னல் வழியாகப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்.

திருச்செங்கோட்டு வீட்டில், பெரிய மீசையோடு மயில்சாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் சீட்டு ஒட்டிய கேசட். சாரதாமணி காலில் விழுந்தாள்.

"சத்தியமா அது நீங்க இல்லீங்க!"

அவர் தோள் குலுங்கியது. கோபம் ஏறுகிறது என்று நினைத்து அவள் இன்னும் கெஞ்சினாள்.

"உங்களை நெனச்சுக்கூட எழுதலீங்க!"

"நெனச்சுக்கூடவா எழுதலை?" அவர் குரல் உடைந்தது.

மோர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி ராமாத்தாள் பதறிப்போய்ச் சொன்னாள்:

"ஐயோ சாமி, இன்னொருக்கா அதைச் சொல்லாதே, அந்தப் பாட்டு தன்னைப் பத்தினதுதான்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதே இந்த மனுசன்தான்!"