குறை எண் 3,35,50,336

உலகில் குறையே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் குடியிருப்பு வாரியத்தின் குறைதீர்ப்புப் பிரிவுதான். அங்கே எழுத்தராக இருக்கக் கொடுத்துவைத்தவன் நான். வருகிற புகார் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'குறை எண்' கொடுப்பது என் வேலை.

பெருமை முழுவதும் எங்கள் இயக்குநரையே சேரும். ரயிலில் ஒரு கணிதப் புத்தகத்தைப் பாதி படித்தவர், மறுநாளே கூட்டம் போட்டார்.

"எந்த எண்ணையும் எடுத்துக்குங்க. அதை மீதியில்லாம வகுக்கிற சின்ன எண்கள், அதான் காரணிகள், எல்லாத்தையும் கூட்டுங்க. கம்மியா வந்தா குறைவெண். அதிகமா வந்தா மிகையெண். அச்சா அதே எண் வந்தா நிறைவெண்! ஆறைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டினா ஆறு!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார்.

அன்றே 'சீர்திருத்தம்' அமலுக்கு வந்தது. குறைவெண்ணா? எண்ணிலேயே குறை; திருப்பி அனுப்பு. மிகையெண்ணா? புகார் மிகைப்படுத்தப்பட்டது; தள்ளுபடி. நிறைவெண் வந்தால் 'நிறைவுற்றது'. இந்த மூன்றிலும் சிக்காத எண்ணை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை.

அப்போதுதான் ஒரு தையல்கார அம்மாள் வந்தார். அவர் கட்டடத்தில் லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது. கணவர் ஐந்தாம் மாடியில் இதய நோயோடு கிடக்கிறார்; படி இறங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கோ போயாக வேண்டும். புகாருக்கு நான் கொடுத்த எண்தான் மேலே தலைப்பில் இருப்பது.

பிரிவே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தது. அச்சாக அதே எண் வந்தது. இயக்குநர் எழுந்து நின்று அந்த அம்மாளைக் கும்பிட்டார்.

"நிறைவெண்மா! இதுக்குக் கீழ மொத்தமே நாலுதான் இருக்கு. உங்க குறையில குறையே இல்ல."

"லிஃப்ட் ஓடலியே சார்?"

"காரணிகளைக் கூட்டிப் பாருங்க. ஒண்ணுகூடக் குறையாது."

"நான் காரணம் கேட்டா நீங்க காரணி சொல்றீங்க. எனக்கு எதையும் கூட்ட வேணாம் சார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

"இந்த மாதிரி இன்னொரு எண் வர எண்ணூத்தி அம்பத்தெட்டு கோடியைத் தாண்டணும். அருமை தெரியாமப் பேசறீங்க."

"அப்ப இது வேணாம். இதுக்கு அடுத்த நம்பர் குடுங்க."

"அது குறைவெண்மா. திரும்பி வந்துடும்."

அடுத்த வாரம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். இயக்குநர் முகம் மலர்ந்து கேட்டார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"கீழ இறங்கிட்டார் சார். நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க."

"பாத்தீங்களா! லிஃப்ட் இல்லாமலே ஆஸ்பத்திரிக்கு!"

"ஆஸ்பத்திரிக்கு இல்ல சார். சுடுகாட்டுக்கு."

எனக்கு அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'மனுதாரருக்கு இனி லிஃப்ட் அவசரமில்லை' என்று குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன்.

இந்த ஆண்டறிக்கையின்படி, எங்கள் பிரிவு தீர்த்த குறைகள் நூற்றுக்கு நூறு. அதில் நாங்கள் நிஜமாகவே தீர்த்தது அந்த மனிதரை மட்டும்தான்.