ஷெவெல் நேராக ஓடிய விதம்

ஈஸ்டர் விருந்தில் உருளைக்கிழங்கு மசியல் கை மாறிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்று அறிவித்தேன்.

"இந்தக் கோடை முழுக்க நான் சஸ்பென்ஷன்லதான் இருப்பேன்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணித் தொலைச்சே வெர்லின்?"

"வேலையில இல்லம்மா, காரோட ஸ்பிரிங் சஸ்பென்ஷன்" என்றாள் என் மனைவி மார்லிஸ். "வேலையில சஸ்பெண்ட் ஆனாலாவது வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கும்."

மேஜை முழுக்கச் சிரித்தது. லட்சியவாதிகளுக்கு இதெல்லாம் சகஜம். நான் உட்கார்ந்து மசியலை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

என் லட்சியம் இதுதான். என்னிடம் அறுபத்தெட்டாம் வருஷத்து ஷெவெல் கார் ஒன்று இருக்கிறது. எங்கள் இண்டியானாப் பக்கத்தில் சனிக்கிழமை மத்தியானம் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் டிராக் ரேஸ் திடலில்தான் இருப்போம். இரண்டிரண்டு கார்களாக நேர்க்கோட்டில் பாயும் பந்தயம் அது. டிராக் என்றால் இழுவை என்று அர்த்தம். ஆனால் பந்தயம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இழுவையெல்லாம் அதற்கு முன்னால், கராஜில். என் ஷெவெல்லுக்குக் குதிரைப் பலம் ஏராளம். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். பாய்வது நேராக இல்லை, நண்டு மாதிரி. இதனால் வருஷா வருஷம் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டிடம் தோற்கிறேன். தோற்பதைக்கூடத் தாங்கலாம். தோற்ற பிறகு டெல்பர்ட் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வதைத் தாங்க முடியவில்லை.

அந்த நல்ல மனுஷன்தான் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் நாலு தராசுகளையும் இரவல் கொண்டுவந்தான்.

"விஷயம் ரொம்ப சுலபம் வெர்லின். கார் கிளம்புறப்போ மூக்கு மேல எழும்பணும், பாரம் பின்னாடி போகணும். உன் முன் ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு, அதைத் தளர்த்து. எஞ்சின் முறுக்குறப்போ வலது பின்சக்கரம் லேசாயிடும். அந்த ஸ்பிரிங்குக்குள்ள ஒரு காத்துப் பை வெச்சு அழுத்தம் ஏத்து. ரெண்டு பின்சக்கரமும் ஒரே மாதிரி கவ்வினா நேரா போகும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா நீ கீழ படுத்துப் பாக்குறப்போ இடது பக்கம் டிரைவர் சீட்டுல உன் எடைக்கு மணல் மூட்டை இருக்கணும். அதை மறந்தா எல்லாம் வீண். உன் எடை என்ன?"

அந்த நேரம் பார்த்து மார்லிஸ் எலுமிச்சை ஜூஸோடு கராஜுக்குள் வந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் டாக்டர் என்னைத் தராசில் ஏறச் சொன்னார். அவர் சொன்ன எண்ணை நான் வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். மார்லிஸிடம் சொன்னது இருநூறு பவுண்டு. உண்மை தெரிந்தால் பன்றி இறைச்சியும் கிரேவியும் போய், தட்டில் முட்டைக்கோஸ் குடியேறும். மற்றவர்களை எடைபோடுவதில் நான் சூரன். என்னை எடைபோட யாரையும் விடுவதில்லை.

"இருநூறு" என்றேன்.

டெல்பர்ட் இருமினான்.

"எதுக்கும் பாத்ரூம் தராசை எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் மார்லிஸ்.

"வேண்டாம் வேண்டாம். மூட்டையும் வேண்டாம், தூக்கினா முதுகு போயிடும். நீயே சீட்டுல உக்காரு மார்லிஸ்."

"நான் நூத்தி முப்பதுதானே?"

"கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

டெல்பர்ட் மறுபடி இருமினான். ஜூஸ் புரையேறிவிட்டதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வாராவாரம் இதே காட்சி. மார்லிஸ் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரோடு உட்காருவாள். நான் காருக்கடியில் கிடப்பேன். கீழே இருந்து நான் பேசுவது சொற்பொழிவு. மேலே இருந்து அவள் கேட்பது கேள்வி.

"இப்ப என்ன பண்றே?"

"காத்துப் பையில அழுத்தம் ஏத்துறேன். அசையாம உக்காரு."

"கூட ஏத்தினா?"

"கார் இடப்பக்கம் இழுக்கும். குறைஞ்சா வலப்பக்கம்."

"அப்ப சரியா வெச்சா யார் ஓட்டினாலும் நேரா போகுமா?"

"அதெப்படிப் போகும்? சீட்டுல இருக்கிற ஆளோட எடைக்குத்தான் சரியா வரும்" என்று அவளுக்கு விளக்கினேன். எவ்வளவு தெளிவாக விளக்கினேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

"ம்" என்றாள். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. "ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கலாமா வெர்லின்?"

நான் சிரித்த சிரிப்பில் தலை எக்ஸாஸ்ட் குழாயில் இடித்துக்கொண்டது. "இது கடைக்குப் போற கார் இல்ல மார்லிஸ். இதுக்குன்னு ஒரு கை வேணும்."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று கல்யாணமான எந்த ஆணுக்கும் தெரியும். எனக்குத் தலைவலி. கவனிக்கவில்லை.

பந்தய நாள் வந்தது. பக்கத்துத் தடத்தில் டெல்பர்ட். நான் வலது தடம், என் வலப்பக்கம் சிமெண்ட் சுவர். மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கின. பச்சை. மிதித்தேன்.

ஷெவெல்லின் மூக்கு அழகாக மேலே எழுந்தது. பாரம் பின்னால் போனது. பின்சக்கரங்கள் தரையைக் கவ்வின. கவ்விக்கொண்டு நேரே சுவரை விசாரிக்கக் கிளம்பின. நான் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்து, காலை எடுத்து, ஆண்டவரைக் கூப்பிட்டு, ஒருவழியாக நின்றபோது டெல்பர்ட் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டிருந்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே. சுவரும் நானும் கிட்டத்தட்ட உறவாகிவிட்டோம்.

டெல்பர்ட் வந்து தோளில் கை போட்டான். "பரவாயில்ல விடு வெர்லின்."

"தரையில ஏதோ கோளாறு. எண்ணெய் சிந்திக் கிடக்கு."

"நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள் மார்லிஸ்.

"கார் ஓடுற ஓட்டத்தைப் பாத்தியா? நானே தடுமாறுறேன்."

"தோத்தா உனக்கும் ஒரு ஜோடி கிடைச்ச மாதிரி இருக்கும்ல."

"ஓட்டட்டும்யா" என்றான் டெல்பர்ட். அவளுக்கு ஏற்ற ஹெல்மெட் இல்லையே என்று கடைசித் தடையைப் போட்டேன். மார்லிஸ் ஷெவெல்லை இழுத்துவந்த எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒன்றை எடுத்தாள். சிவப்பு நிறம். தலையில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

"இது எப்ப வாங்கினே?"

"மே மாசம். நீ வாராவாரம் எனக்குன்னு ஒரு கார் செட் பண்றே. தலையை மட்டும் சும்மா விடலாமா?"

மே மாதம். அப்போது நான் இரண்டாவது ஸ்பிரிங்கைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். ஜெயிக்க வேண்டாம் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். முதல் வேண்டுதல் மட்டும் பலித்தது. பச்சை எரிந்தது. ஷெவெல் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் போனது. டெல்பர்ட் ஒரு கார் நீளம் பின்னால் வந்தான். கூட்டம் எழுந்து கைதட்டியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கார் நேராகப் போய் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெஞ்சு பெருமையில் விம்மியது. பெருமைப்படும் இடத்தில் நான் இல்லையே என்று உடனே நினைவு வந்தது.

தோற்றுப்போன டெல்பர்ட்டின் தோளில் மார்லிஸ் கைபோட்டு ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கராஜில் நட்டு கழற்றும் பாணாவைத் தேடினேன். "நாளைக்கே எல்லாத்தையும் கழட்டி என் எடைக்கு மாத்தப் போறேன்."

"மாத்தேன்" என்றாள் மார்லிஸ். "சீட்டுல எத்தனை பவுண்டு மணல் வைக்கட்டும்?"

"இருநூ..."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் கொண்டுவந்த தராசுகள் நாலும் தரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலு தராசும் ஒரு மனைவியும் பார்க்கும்போது மனுஷன் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னேன். இருநூற்று அறுபத்தெட்டு.

அவள் கோபப்படவில்லை. என் கையிலிருந்த பாணாவை மெதுவாக வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"காரைத் தொடாதே வெர்லின், அது சரியாத்தான் இருக்கு" என்றாள். இரவுச் சாப்பாட்டில் அரை முட்டைக்கோஸை என் தட்டில் வைத்தாள். "நீ என் எடைக்கு வந்ததும் சொல்லு, சாவியைத் தர்றேன்."