விசில் சிஸ்டருக்கு ஒரு ஸ்பானிஷ் சொல்

1. திருமயம் பஸ் டயர் வெடித்து நின்றது.
2. நான் வருவதற்குள் விடுதிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.
3. சாட்சிக்குக் கண்டக்டரையே அழைத்துப் போனேன்.
4. கண்டக்டருக்குத் திட்டு விழுந்தது.

"நேரத்துக்கு வரத் தெரியலைன்னா ஒங்களுக்கு எதுக்குங்க விசில்? குடுங்க இங்கிட்டு" என்று கை நீட்டியவர், புதுக்கோட்டையில் எங்கள் பெண்கள் விடுதி வார்டன், விசில் சிஸ்டர். ஸ்பெயினில் பிறந்து, நம் ஊர்த் தமிழில் திட்டுவதற்கென்றே கப்பலேறி வந்தவர். அவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் விடுதிக் காகங்கள்கூட வரிசையாக உட்காரும். கொடியில் புடவை கோணலாகத் தொங்கினால், காய்ந்ததையும் நனைத்து மறுபடி காயப்போட வேண்டும். காய்ச்சலில் கிடந்த எனக்கு இரண்டு நாள் கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். "வாயைத் தொறங்க. சிந்தாதீங்க" என்று அதற்கும் சட்டம் உண்டு.

ஒரு நாள், ஸ்பெயினிலிருந்து சிஸ்டரின் கன்னியர் சபைத் தலைமை மதர் வருவதாகச் செய்தி வந்தது. எங்களைக் கேட்டுவிட்டு, சிஸ்டரை இங்கேயே வைப்பதா, வேறு ஊருக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

அறைத்தோழி ராஜாத்தி சொன்னாள்: "நீதான்டி லேப் டெக்னீஷியனுக்குப் படிக்கிறவ, அளந்து பேசுவ. அவுக பாஷையிலயே சொல்லிரு. மாத்திருவாக."

எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ்காரர் சிஸ்டர்தான். எனவே அவரைப் பற்றிப் புகார் சொல்லப் பயிற்சிக்கு அவரிடமே போனேன். அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

"கண்டிப்பானவங்களை ஒங்க பாஷையில எப்படிச் சொல்றது சிஸ்டர்?"

"எந்தக் கண்டிப்பு? மூஞ்சி கடுகடுன்னு இருந்தா செவேரா. சட்டத்தை விடாம புடிச்சா எஸ்த்ரிக்தா. நல்லா வரணும்னு பாடாப்படுத்தினா எக்ஸிஹென்தே. எளக்கமே இல்லைன்னா ரிகுரோசா. யாரைப் பத்திச் சொல்லணும்?"

"தெரிஞ்ச ஒருத்தங்க."

"காஞ்ச புடவைய நனைக்கச் சொல்லுவாங்களா?"

எனக்கு வியர்த்தது. "சொல்லுவாங்க சிஸ்டர்."

"அப்ப ரிகுரோசா. நாக்கை உருட்டுங்க. ம்ஹூம், இன்னொரு தடவ."

உச்சரிப்பு சரியாகும்வரை சாப்பிட விடவில்லை.

மதர் வந்தார். சிஸ்டர் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டார். சிஸ்டர் பக்கத்தில் நின்று விசிலை இறுகப் பிடித்திருந்தார். எனக்குக் கஞ்சி ஊட்டிய கை அது. நாக்கை உருட்டத் தயாராகத்தான் வைத்திருந்தேன். வெளியே வந்ததோ, நல்லா வரணும்னு பாடாய்ப்படுத்துகிறவருக்கான சொல்: "எக்ஸிஹென்தே."

"அது இல்லைங்க" என்றார் சிஸ்டர் தமிழில். "நாம பழகினது ரிகுரோசா. பொய் சொல்லக் கூடாது. சரியாச் சொல்லுங்க."

"மாட்டேன் சிஸ்டர்."

அந்த விடுதியில் அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை. என்ன தகராறு என்று மதர் கேட்டார். சிஸ்டர் ஒன்றுவிடாமல், தனக்கு எதிராகவே, மொழிபெயர்த்துச் சொன்னார். மதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிஸ்டருக்கு மாற்றல் வரவில்லை. பொய் சொன்னதற்காக எனக்கு ஒரு வாரம் கழிவறை கழுவும் வேலை வந்தது.

இப்போது படிப்பு முடிந்து, ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது. தனியாக வீடு பார்த்துக்கொள்ளலாம். விடுதியில்தான் இருக்கிறேன்.