மலேசியாவுக்கு ஒரு ட்ரையல்

ஊர் சுற்றுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களால் தொந்தரவு இல்லை. போவார்கள், வருவார்கள், போட்டோ காட்டுவார்கள். நான் சொல்ல வந்தது திட்டக்காரரைப் பற்றி. இவர் எங்கும் போகமாட்டார். ஆனால் போவதைப் பற்றி இவருக்குத் தெரியாதது கிடையாது.

ஓசூரில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. இயந்திரங்களைக் கழற்றித் துடைத்து மாட்ட, வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியை மூடுவார்கள். அந்த ஷட்டவுன் வாரம்தான் குடும்பம் முழுவதற்கும் விடுமுறை. விட்டால் அடுத்த வருஷம்தான்.

எங்கள் தெருப் பூபதியை எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். அவர் மனைவி பூங்கொடிக்கு மலேசியா பார்க்க ஆசை. கல்யாணமான புதிதில் எடுத்த அவள் பாஸ்போர்ட், ஒரு முத்திரைகூட விழாமல், அடுத்த ஷட்டவுனுக்குள் காலாவதியாகப் போகிறது. பூபதி மறுத்தாரா? ஒருநாளும் இல்லை. மறுத்திருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். அவர் திட்டம் போட்டார்.

பினாங்கில் எந்த மாதம் குடைக்கு அடங்கும் மழை, எந்த மாதம் குடையையே பிடுங்கிக்கொண்டு போகும் மழை, கோயில் படியேற எந்தச் செருப்பு, மசூதிக்குள் போக எந்தச் சட்டை, சீனக் கடையில் கோழி கேட்டால் கோழிதான் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணம் அடித்துவைத்திருந்தார். சிவப்பு குறையவே இல்லை.

"மலாய், சீனம், தமிழுன்னு ஆளுக்கொரு பாஷை பேசற ஊரு. எப்படிச் சமாளிக்கறது?" என்பார். சொன்ன கையோடு வீட்டுக்காரரிடம் தெலுங்கில் தண்ணீர்ச் சண்டை போட்டு, கீரைக்காரம்மாவிடம் கன்னடத்தில் ஒரு கட்டு கொசுறு வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரை இந்தியில் நகரச் சொல்வார்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு காத்தூன், பினாங்கிலிருக்கும் மாமா வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புவதாக இருந்தாள்.

"கூடவே வந்துருங்கண்ணா. அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"மொதல்ல ட்ரையல்மா. ட்ரையல் பாக்காம ஒரு பார்ட்டைக்கூட நான் லாரி ஏத்தினதில்ல."

ட்ரையல் என்றால் என்ன? பெட்டி கட்டி, பெங்களூர் விமான நிலைய வாசல்வரை போய், குறைகளைக் குறித்துக்கொண்டு திரும்புவது. எப்போது? இந்த ஷட்டவுனில். வேறெப்போது லீவு?

பூங்கொடி வாதாடவில்லை. "வெள்ளிக்கெழமை நல்ல நாளுங்க" என்று மட்டும் சொன்னாள். கிளம்பும்போது ஒன்று கேட்டாள்.

"ஏங்க, பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?"

"ட்ரையலுக்கு எதுக்கு? தொலைஞ்சா யாரு அலையறது?"

"ட்ரையல்னா எல்லாம் நெசமாட்டம் இருக்க வேணாமா?"

"பீரோவுலயே இருக்கட்டும். எனக்குச் சொல்லித் தராத."

விமான நிலைய வாசலில் காத்தூன் குடும்பம் நின்றிருந்தது. 'பெட்டிச் சக்கரம் கரகரக்கிறது, மாற்றணும்' என்று பூபதி போனில் குறித்துக்கொண்டிருந்தபோது, பூங்கொடி தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். டிக்கெட்.

"ரெண்டு பேருக்கும் போட்டிருக்கேன். காத்தூன்தான் போட்டுக் குடுத்தா. முன்னாலயே சொன்னா மழைக்கணக்குப் போடுவீங்க."

பூபதியின் கை சட்டைப் பையைத் தட்டியது. பேண்ட் பையைத் தட்டியது. பாஸ்போர்ட் ஓசூரில், பீரோவில், மிகப் பத்திரமாக இருந்தது.

"அடுத்த ஷட்டவுன்ல..." என்று ஆரம்பித்தார்.

"என் பாஸ்போர்ட் கைப்பையில இருக்கு. அது அதுவரைக்கும் தாங்காதுங்க. ரெண்டு தரம் கேட்டேன். மாவு ஃபிரிட்ஜுல இருக்கு."

"பாவம் அண்ணன்" என்றாள் காத்தூன், சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

பூங்கொடி கரகரக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த பூபதி, போனில் அடுத்த குறையைக் குறித்தார்: 'பாஸ்போர்ட் தேவை.' அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் ஒருமுறை, பினாங்கில் மழை எந்த மாதம் என்று போனில் தேடிப் பார்த்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், நல்ல நாளாகப் பார்த்துச் சொன்னால், பேசாமல் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.