நார்ச்சத்தர் சமைத்த கல்யாணங்கள்

கல்யாணச் சாப்பாட்டால் வயிறு நொந்தவர்கள் உலகமெங்கும் இருப்பார்கள். தாடை நொந்தவர்கள் எல்லாரும் எங்கள் நார்ச்சத்தர் சமைத்த பந்தியில் இருந்தவர்கள்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். நீர்வேலிப் பக்கத்தில் கல்யாணமோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, அவர்தான் தலைமைச் சமையல்காரர். நான் தேங்காய் திருவி மரக்கறி வெட்டும் உதவியாள். அவருடைய தமையன் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். வெள்ளைச் சோறும் இறைச்சியும் தவிர அந்த மனிதனுக்கு வேறொன்றும் இறங்காது. நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு அந்த நோய்க்கு வழிவிடும் என்று செத்தவீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டவர், அன்று முதல் ஊரையே காப்பாற்றப் புறப்பட்டுவிட்டார்.

உருளைக்கிழங்கைத் தோலோடு வெட்டச் சொல்வார். பொத்தி என்கிற வாழைப்பூ இல்லாத பந்தி கிடையாது. பாயசத்தில் குரக்கன், அதாவது கேழ்வரகு, கலந்தார். ஒருமுறை மணப்பெண்ணின் கனடா மாமா, சோற்றுக் கிடாரத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"கல்யாண வீட்டுக்குத் தவிட்டரிசிச் சோறோ? மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"நாளைக்குக் காலமை நினைப்பினம். சந்தோசமா நினைப்பினம்" என்றார் நார்ச்சத்தர்.

கை கழுவ வருகிறவர்களையும் விடமாட்டார். "ஒழுங்காப் போகுதோ?" என்று மணவறையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையிடமே கேட்டிருக்கிறார். மணப்பெண் தலை குனிந்தது வீடியோவில் இருக்கிறது. பார்த்தவர்கள் அதை நாணம் என்றார்கள்.

அப்படிப்பட்டவர் போன வருடம் அடுப்படியிலிருந்து அடிக்கடி மறையத் தொடங்கினார். கறி கொதிக்கும்போதே அகப்பையை என் கையில் தந்துவிட்டு ஓடுவார். கட்டியிருந்த சாரம் இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் மண்டபத்துக் கக்கூசுக்குள் அவருக்குப் பின்னால் போன நான் இரத்தத்தைக் கண்டேன்.

பஸ்சை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான். வெட்டிக்கொண்டிருந்த பூசணிக்காயைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

"அண்ணை, இரத்தம் போகுது போலை..."

"அது மூலமடாப்பா. அடுப்புச் சூடு."

"ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுவமே?"

"எனக்கோ? நான் தின்னுற பொத்திக்கும் தவிட்டுக்கும் அந்தப் புற்றுநோய் வருத்தம் எங்கடை படலையைத் தாண்டி வருமோ? விசர்க்கதை கதையாதை!"

மூன்று கல்யாணங்கள் கழிந்தன. ஆள் இன்னும் மெலிந்தார். நாலாவது கல்யாணத்தில், கை கழுவ நின்ற சனத்துக்கு நடுவே ஒரு பெரியவரை வழக்கம்போல் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது.

"முதல்லை உங்கடையைச் சொல்லுங்கோ அண்ணை! இரத்தம் எத்தினை மாதமாப் போகுது?"

நார்ச்சத்தர் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க்குழாயைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக என்னோடு ஓட்டோவில் ஏறினார்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த இளம் வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். "நார்ச்சத்து நல்லது ஐயா. இந்த வருத்தம் வாற வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் வரவே வராதெண்டு இல்லை. தமையனுக்கு வந்ததெண்டால் நீங்கள் முந்தியே வந்து பாத்திருக்க வேணும். நல்லகாலம், வேறை இடத்துக்குப் பரவ முதல் வந்திட்டீங்கள்."

குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்தார்கள். அதற்கெல்லாம் அவர் கலங்கவில்லை. கொஞ்சக் காலத்துக்கு நார் உள்ள எதையும் தொடக்கூடாது என்றபோதுதான் கண் கலங்கினார்.

நான் வெள்ளையரிசிக் கஞ்சி வைத்து, வடித்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்தபடி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதென்னடா, நோட்டீஸ் ஒட்டுற பசையே?"

"குடியுங்கோ அண்ணை."

"ஒரு கீரையிலை கூடப் போடேல்லையோ?"

"இல்லை."

"உப்பாவது போட்டனியோ?"

முணுமுணுத்துக்கொண்டே கரண்டி கரண்டியாகக் குடித்து முடித்தார். எத்தனையோ கல்யாணங்களுக்குத் திருவி, வெட்டி, கிண்டிய கை என்னுடையது. அந்த ஒரு கோப்பைக் கஞ்சியைப்போல் எதையும் இவ்வளவு பயந்து, இவ்வளவு பக்குவமாகச் சமைத்ததில்லை.