குளத்தைச் சுற்றிய பெட்ரோல் படகு

அந்தப் படகு விவகாரத்தில் என் பக்க நியாயத்தைச் சொந்தக்காரர்களில் இதுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். என் மனைவி வள்ளி அந்தப் பாதிக்குக்கூட வரமாட்டாள். 'பெட்ரோல்' என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுத்தின் குறுக்கே யாரும் சிரிக்க முடியாதல்லவா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குத்தாலத்தில் நான் வைத்திருப்பது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. பம்புசெட், மிக்ஸி, மாவு மில் என்று எங்கே மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் வரும். பிரித்து, புதுக் கம்பி சுற்றி, ஓட வைத்துக் கொடுப்பேன். அதாவது எனக்குச் சோறு போடுவது கரண்ட். அப்படிப்பட்டவன் பெட்ரோலுக்கு வாதாடினேன். தப்புதான். ஆனால் ஏன் வாதாடினேன் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் திருக்கடையூரில் சடங்கு. மதியம் ஊரில், வீட்டுக்கு எதிரே குளத்தங்கரையில் பந்தல் போட்டு விருந்து. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் செந்தில் ஒரு மாதம் முன்னதாகவே லீவில் வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? ஐந்தடி நீளத்தில், ரிமோட்டில் ஓடும் படகுக்கான ஃபைபர் கூடு ஒன்றை வரவழைத்தான். மாமனாரும் மாமியாரும் குளத்துப் படியில் நிற்பார்கள். எதிர்க்கரையிலிருந்து படகு இரண்டு மாலைகளைச் சுமந்து வரும். அவர்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பந்தி. இதுதான் அவன் போட்ட திட்டம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கூட்டுக்குள் எதை வைத்து ஓட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி.

"பேட்டரிதான் மச்சான். சத்தம் இல்ல, புகை இல்ல. தட்டுனா கெளம்பும், விட்டா நிக்கும்" என்றான் செந்தில்.

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். மோட்டாரைப் பற்றி என் முன்னால், அதுவும் என் மாமனார் இருக்கும்போது, இன்னொருவன் தீர்ப்புச் சொல்வதா? (அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மூத்த மாப்பிள்ளை என்பதை ஏதோ பதவி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.)

"பெட்ரோல்தான்" என்றேன்.

"ஏன் மச்சான்?"

"பதினஞ்சு வருஷமா மோட்டாரோட கெடக்கறேன். எங்கிட்ட வந்ததுல எரியாத மோட்டார் ஒண்ணு உண்டா? கரண்ட் மோட்டார நம்பவே கூடாது."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வள்ளி தலையைத் தூக்கினாள். "எரிஞ்சாத்தானேங்க உங்க கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க? நல்லா ஓடுறத எதுக்குக் கொண்டாரப் போறாங்க?"

 அது காதில் விழாதது போலக் குரலை உயர்த்தினேன். பெட்ரோல் என்றால் பவர் என்றேன். ஆளுயர ரோஜா மாலை இரண்டைச் சுமப்பது பேட்டரியால் ஆகிற காரியமா என்றேன். மாமனார் அதிகம் பேசாத மனிதர். பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "மாப்பிள சொல்றபடியே செய்யிங்க" என்று முடித்துவிட்டார். அப்போது நான் செந்திலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

எஞ்சின் வந்தது. கயிற்றை இழுத்துக் கிளப்பும் புல்வெட்டி மெஷினில் இருக்கும் ரகம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு ரிமோட்டிலேயே எஞ்சினை அணைக்க ஒரு சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது, அதையும் வாங்கிவிடலாம் என்றான் செந்தில்.

"ஆக்சிலேட்டரக் கொறச்சா நிக்கப்போவுது. அதுக்கு எதுக்குடா தனியா ஒரு சுவிட்சு?" என்றேன்.

மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மூன்று முறையும் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. கதை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சேர்ப்பதே இல்லை! கவனித்துக்கொள்ளுங்கள்.

விழாவன்று பன்னிரண்டரை மணி. எதிர்க்கரைப் படியில் மாமனாரும் மாமியாரும் பட்டு உடுத்தி நின்றார்கள். பின்னால் பந்தலில் இருநூறு பேர். இந்தக் கரையில் நானும் செந்திலும் வீடியோக்காரரும். பந்தலில் வள்ளியின் சித்தப்பா மைக்கைப் பிடித்திருந்தார்.

"சொந்தபந்தங்களே, இப்ப நம்ம மூத்த மாப்பிள்ளை போட்டுல மாலை அனுப்பப் போறாங்க!"

கயிற்றை இழுத்தேன். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இழுத்தேன். இருமக்கூட இல்லை. பதினைந்தாவது இழுப்பில் என் புதுச் சட்டை கக்கத்தில் கிழிந்தது. வீடியோக்காரர் கிட்டே வந்து அதைப் படம் பிடித்தார்.

"போட்டு இதோ வந்துக்கிட்டே இருக்கு" என்றது மைக். "யாரும் பந்தியில உக்காந்துடாதீங்க."

"நான் இழுக்கட்டா மச்சான்?"

"தள்ளி நில்லுடா."

படகின் மேல்மூடியைக் கழற்றி, எஞ்சின் பிளக்கைத் துடைத்து மாட்டி, இன்னும் எத்தனை முறை இழுத்தேனோ தெரியாது. திடீரென்று பிடித்துக்கொண்டது. என்ன ஒரு அலறல்! குளக்கரைக் கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. மாலைத் தட்டைப் படகின் மேல் வைத்துக் குளத்தில் இறக்கினேன்.

"மூடியப் போட்டுடுங்க மச்சான்" என்று செந்தில் கத்தினான்.

"அதுக்குக் காத்து வேணும்டா!" என்று நானும் கத்திவிட்டு ரிமோட்டைத் தட்டினேன்.

பாதிக் குளம் வரை படகு போன அழகைப் பார்த்திருக்க வேண்டும். பந்தலே எழுந்து கைதட்டியது. அதுவரைக்கும் நான் ஜெயித்தவன்தான். பிறகு அலையில் தட்டு சரிந்தது. ஒரு மாலையின் நுனி திறந்திருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. மாலை கட்டியிருந்த நார், ஆக்சிலேட்டர் கம்பியில் சுற்றிக்கொண்டது. படகு முழு வேகத்தில், நேராக என் மாமனாரை நோக்கிப் பாய்ந்தது.

ரிமோட்டில் படகை ஒடித்துத் திருப்பினேன். நல்லவேளையாகத் திரும்பியது. ஆனால் அது கிளப்பிய தண்ணீர் மாமனார் மாமியார் இருவரையும் தலையோடு குளிப்பாட்டியது. அன்றைக்கு அவர்களுக்கு அது இரண்டாவது அபிஷேகம்.

வேகத்தைக் குறைக்க முடியவில்லை. திருப்ப மட்டும்தான் முடிந்தது. ஆகவே வட்டமடிக்கவிட்டேன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. (நிறைத்தவன் யாரென்று கேட்க வேண்டாம்.) படகு சுற்றியது, சுற்றியது, அரை மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கை ரோஜா இதழ் காற்றில் பறந்தது. "போட்டு வருது... போட்டு போவுது..." என்று சித்தப்பா மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். போட்ட இலைகள் வெயிலில் சுருண்டன. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

செந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருப்பவனை என்ன செய்வது?

கடைசியில் என் மாமியார், ஈரப் புடவையோடு, சித்தப்பாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "மாப்பிள, மூலைல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்குதுல்ல? அதுக்குள்ள விட்டுடுங்க. சிக்கிக்கிட்டு நின்னுரும்."

இருநூறு பேரில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. ரிமோட் வைத்திருந்த எனக்கும்தான். விட்டேன். படகு ஆகாயத்தாமரைக்குள் புகுந்து, நாலு முழம் போய், விக்கி நின்றது. 

மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நான்தான் போனேன். ஒரு மாலையைக் காணவே இல்லை. இன்னொன்றில் பாதிப் பூ மிச்சம் இருந்தது. அதிலும் ஆயில் வழிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சேறு சொட்டச் சொட்டப் படியேறினேன். தலை நிமிர முடியவில்லை. மாமனார் அதை வாங்கினார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. மாமியார் அதை அவருக்குப் போட்டார். அவர் கழற்றி மாமியாருக்குப் போட்டார். வெள்ளைச் சட்டையில் பட்டையாகக் கறுப்புக் கறை. அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

"பரவால்ல மாப்பிள, வாங்க, சாப்புடுவோம்" என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மனிதரா என்று உருகிக்கொண்டிருந்தேன். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வரத் தாமதமானது. அறுபது வருஷமாக ஒரு ஜோக் சொல்லியறியாத அந்த மனிதர் பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்து, நிதானமாகக் கேட்டார்:

"ஏம்ப்பா, சாம்பார் மாப்பிள போட்டுல வருதா?"

பந்தி முழுக்க வெடித்தது. செந்தில் தண்ணீர் புரையேறி எழுந்து ஓடினான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தாமதமாக வருவதெல்லாம் மாப்பிள்ளை போட்டில்தான் வருகிறது. பஸ், பால், மழை, என் மகளின் பரீட்சை ரிசல்ட், எல்லாம். பொறுத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள், போகட்டும்.

ஆனால் போன மாதம் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் முன்பின் தெரியாதவர், முத்துப்பேட்டைப் பக்கமாம். பாயசம் வரத் தாமதமானதும் எட்டிப் பார்த்து, "என்ன, பாயசம் மாப்பிள போட்டுல வருதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது என்னங்க, மாப்பிள போட்டு?"

"தெரியலீங்க. எங்க பக்கம் அப்புடித்தான் சொல்லுவாங்க."

விடுவேனா? இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். கயிறு, பிளக், மூடி, நார், ஆக்சிலேட்டர் கம்பி, ஒத்திகையில் மூன்று முறையும் சரியாக ஓடியது வரைக்கும் ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவர் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. எட்டு வருஷத்தில் என் கதையை முழுதாகக் கேட்ட முதல் மனிதர். நான் முடித்ததும் பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"ஏங்க, பேசாம பேட்டரியே போட்டிருக்கலாமேங்க?"