சுருக்கெழுத்தில் ஜப்பான்

"இன்னைக்கும் வாக்கியத்தை முடிக்காமலே விட்டுட்டா சார்," என்றாள் மாமியார்.

கணினித் திரையில் தெரிந்த ஜப்பானிய மொழி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மொழியில அப்படித்தாம்மா. பாதியில நிறுத்திடுவாங்க. மீதியைக் கேக்கறவங்க புரிஞ்சுக்கணும்."

"நம்ம மாதிரியே வினைச்சொல் கடைசியில வரும்னீங்களே?"

"வரும். வந்தா."

மருமகள் ஜப்பான்காரி. கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு வீடியோவில், வேலை பார்த்தபடியே மணிக்கணக்கில் பேசுவாள். மகனை ஜப்பானுக்கே கடத்திக்கொண்டு போகத்தான் அங்கே திட்டம் நடக்கிறது என்பது மாமியாரின் பயம். அதனால்தான் இந்த ரகசிய வகுப்பு.

முப்பத்தோரு வருஷம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் அவள். மேலதிகாரி கொட்டாவி விட்டு நிறுத்திய வாக்கியங்களையெல்லாம் தானே முடித்துத் தட்டச்சு செய்தவள். இப்போது கதவோரம் துணி மடிக்கிற சாக்கில் மருமகளின் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று நோட்டில் சிக்கியவை: 'கணவர்... ஜப்பான்... கூட்டிக்கொண்டு...'

"யாரு யாரைக் கூட்டிட்டுப் போறாங்க சார்?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. எழுவாய் இல்லாமலே பேசுவாங்க."

"சரி, நானே போட்டுக்கறேன்."

"ஐயோ, போட்டுக்காதீங்கம்மா!"

போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானமே மகனின் பாஸ்போர்ட் தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் போயிற்று. மருமகள் கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துத் தங்கைக்குப் போன் செய்தாள்.

"ஒளிச்சிட்டேன்டி. தையல் மெஷினுக்குள்ள. இனி எப்படிக் கூட்டிட்டுப் போறான்னு பாக்கறேன்!"

மறுநாள் மருமகளின் பேச்சில் இரண்டு சொற்கள் தெளிவாகக் கேட்டன. பாஸ்போர்ட். தையல் இயந்திரம்.

"மோப்பம் பிடிச்சிட்டாங்க!" என்று கணவரை உலுக்கினாள்.

"அவ என்ன போலீஸ் நாயா? அம்மாகிட்ட ஏதோ பேசறா. விடேன்."

"எழுவாயும் தெரியாது, பயனிலையும் தெரியாது. நீங்க சும்மா இருங்க."

பாஸ்போர்ட் பரணுக்கு ஏறியது. மகன் வீடெல்லாம் தேடிவிட்டுப் புதிதாக விண்ணப்பித்தான்.

"எதுக்குடா இவ்வளவு அவசரம்?"

"தொலைஞ்சா வாங்க வேண்டாமாம்மா?"

அவசரமில்லை என்று அவன் மறுக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. கூடத்து சோபாவில் படுத்தாள். நடக்க முடியாத அம்மாவை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை போவான்? மருமகள் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனதும் மறுபடி தங்கைக்குப் போன்.

"வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடி. எல்லாம் நடிப்பு."

மறுநாள் காலை சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து காதில் விழுந்தது: 'முழங்கால்... பொய்...'

இனித் தாங்காது. ஆசிரியரிடம் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வாங்கினாள். மரியாதையில் துளியும் குறையக்கூடாது என்றதால், அரசருக்குச் சொல்லத் தக்கதாகவே அவர் எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்தாள். முழங்காலை மறந்து நேராக மேசைக்கு நடந்தாள். இடுப்பு வளைய வணங்கினாள். ஜப்பானிய மொழியில் சொன்னாள்:

"என் மகனைக் கொண்டு செல்லாதிருக்கும் பேரருளை இந்த எளியவளுக்கு ஈந்தருள வேண்டும்."

மருமகளின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அத்தை! நாங்க எங்கயும் போகலையே!"

"பின்ன பாஸ்போர்ட்டு, முழங்காலுன்னு தினமும் அங்க என்ன பேச்சு?"

மருமகள் கைப்பேசியைப் பார்த்தாள். அதில் அவளுடைய அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மாமியாரைவிட ஒரு பிடி அதிகமாகக் குனிந்து வணங்கினாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"மன்னிக்கணும் சம்பந்தி, இவ போனை அணைக்காம மேசையிலயே விட்டுட்டுப் போறப்ப நீங்க தங்கச்சிகிட்ட பேசறதைக் கேட்டுத்தான் ஆறு மாசமா நான் தமிழ் கத்துக்கறேன். புரியாததை எல்லாம் மறுநாள் இவகிட்ட கேப்பேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், எழுதி மாளல."